மூணு நாளா உடம்பு சரியில்ல – இதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது?



இந்த மாதச் சுவர் இதழில் 'மொழி அறிவோம்' பகுதிக்கு எழுத எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. நான் ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். அது நாம் எல்லோரும் லீவ் லெட்டரில் எழுதும் வாக்கியம்தான். இவ்வளவு சின்ன விஷயத்துக்கு ஒரு சார்ட் பேப்பர் முழுக்கவா என்று சிரிக்காதீர்கள். இந்தச் சின்ன வாக்கியத்தால் எங்கள் ஆயா அரை மணி நேரம் காய்ச்சலோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாங்க. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு: நம் சுவர் இதழில் எல்லாம் தமிழ் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது விதி. அதனால் இங்கிலீஷ் வாக்கியங்களையும் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சுலபமாகப் புரியும்.

நடந்தது என்ன?

போன மாதம் ஆயாவுக்குக் காய்ச்சல் வந்தது. முதல் நாள் கஷாயம், ரெண்டாம் நாள் மாத்திரை, அதுக்கும் கேட்கல. மூணாம் நாள் அம்மாவும் நானும் புதுச்சத்திரத்தில் பஸ் ஏறி ஆயாவைச் சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நல்ல கூட்டம். சீட்டில் குறித்துக்கொள்ளும் இடத்தில் ஒரு டாக்டர் அக்கா இருந்தாங்க. படிப்புக்காக வடக்கேயிருந்து வந்தவங்க போல. அவங்களுக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். அம்மா என்னை முன்னால் தள்ளி, "நீதான் இங்கிலீஷ் படிக்கிறியே, சொல்லுடி" என்றாங்க.

எனக்கு ஒரே பெருமை. லீவ் லெட்டரில் எழுதி எழுதி மனப்பாடமான வாக்கியத்தை ஆயாவுக்கு மாற்றிச் சொன்னேன்.

"ஷீ வாஸ் நாட் வெல் ஃபார் த்ரீ டேஸ்."

டாக்டர் அக்கா தலையை ஆட்டினாங்க. அப்புறம் வேகமாக ஏதோ கேட்டாங்க. அதில் 'நவ்' என்ற சொல் மட்டும்தான் எனக்குக் காதில் விழுந்தது. தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. "எஸ்" என்று சொல்லிவிட்டேன். அவங்க சீட்டில் எழுதி, ஓரமாக உட்காரச் சொன்னாங்க. எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாம் உள்ளே போனாங்க. நாங்க உட்கார்ந்தே இருந்தோம்.

அரை மணி நேரம் கழித்து அந்தப் பக்கம் வந்த ஒரு நர்ஸம்மா ஆயாவின் கையைத் தொட்டுப் பார்த்தாங்க. சீட்டையும் பார்த்தாங்க. "காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு போட்டிருக்கு, உடம்பு இப்படிக் கொதிக்குதே" என்றாங்க. அப்புறம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாங்க. அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்கே ஆரம்பம்.

"ஏம்மா, மூணு நாளா இருக்கா, மூணு நாள் இருந்துச்சா?"

"மூணு நாளா இருக்குங்க" என்றேன். உடனே தெர்மாமீட்டர் வைத்தாங்க. நூற்றிரண்டு டிகிரி. அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ரத்தம் எடுத்தாங்க, மருந்து கொடுத்தாங்க. ஒரு வாரத்தில் ஆயா பழையபடி என்னைத் திட்ட ஆரம்பித்துவிட்டாங்க. ஆனால் அந்த அரை மணி நேரம் என்னால் வந்தது. டாக்டர் அக்கா மேல் தப்பு இல்லை. நான் சொன்னதைத்தான் அவங்க எழுதினாங்க. நான் என்ன சொன்னேன் என்பதுதான் எனக்கே தெரியாது!

நான் சொன்னது என்ன?

மறுநாள் இங்கிலீஷ் மிஸ்ஸிடம் கேட்டேன். அவங்க போர்டில் மூன்று வாக்கியம் எழுதிப் போட்டாங்க.

1. ஷீ இஸ் நாட் வெல்.
இப்போ உடம்பு சரியில்லை. எப்போதிலிருந்து என்ற பேச்சே இதில் இல்லை.

2. ஷீ வாஸ் நாட் வெல்.
முன்னாடி சரியில்லை. அது முடிந்துபோன கதை. கேட்கிறவர் இப்போ தேவலாம் என்றுதான் நினைத்துக்கொள்வார்.

3. ஷீ ஹேஸ் நாட் பீன் வெல்.
அன்றைக்கு ஆரம்பித்தது, இன்னும் சரியாகவில்லை.

நான் சொல்ல நினைத்தது மூன்றாவது. சொன்னது இரண்டாவது. லீவ் லெட்டரில் 'வாஸ் நாட் வெல்' என்று எழுதுவது தப்பே இல்லை. ஏனென்றால் நாம் காய்ச்சல் விட்டு, பள்ளிக்கூடம் வந்த பிறகுதான் அந்த லெட்டரைக் கொடுக்கிறோம். அங்கே கதை முடிந்துவிட்டது. ஆயாவுக்குக் கதை முடியவில்லை. அதே வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனதுதான் என் தப்பு.

மிஸ் ஒரு கோடு போட்டுக் காட்டினாங்க. அதையும் இங்கே போடுகிறேன்.

வாஸ் நாட்: திங்கள் ————— புதன் | (நின்றுவிட்டது) ........ இப்போ
ஹேஸ் நாட் பீன்: திங்கள் ——————————————> இப்போ

கோடு இப்போ வரைக்கும் வந்து நம்மைத் தொட்டால் 'ஹேஸ் நாட் பீன்'. நடுவிலேயே நின்றுவிட்டால் 'வாஸ் நாட்'. இந்த ஒரு கோட்டை ஞாபகம் வைத்தால் போதும்.

தமிழில் இந்த வித்தியாசம் இல்லையா?

எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. தமிழில் "சரியில்ல" என்று ஒரே சொல்தானே சொல்கிறோம்? நேற்றைக்கும் சரியில்ல, இன்றைக்கும் சரியில்ல, மூணு நாளாகவும் சரியில்ல. அப்படியானால் நர்ஸம்மா எப்படி வித்தியாசம் கண்டுபிடிச்சாங்க? தமிழ் ஐயாவிடம் கேட்டேன்.

ஐயா சொன்னார்: 'இல்லை' என்பது குறிப்பு வினைமுற்று. 'வந்தான்' என்றால் இறந்த காலம் என்று சொல்லிலேயே தெரிகிறது. 'வருகிறான்' என்றால் நிகழ்காலம். ஆனால் 'இல்லை' என்ற சொல்லுக்குள் காலம் காட்டும் இடைநிலை கிடையாது. காலத்தைக் குறிப்பாகத்தான் உணர்ந்துகொள்ள வேண்டும். 'நல்லன்', 'கரியன்' போன்ற பண்பைச் சொல்லும் சொற்களும் இதே வகைதான். தொல்காப்பியத்திலும், 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலிலும் இதற்கு விதி இருக்கிறது. நாம் பரீட்சைக்காக 'தெரிநிலை, குறிப்பு' என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இதுதான்!

இன்னொன்றும் சொன்னார். கால்டுவெல் ஐயர் 1856-இல் வெளியிட்ட திராவிட மொழிகளின் ஒப்பிலக்கண நூலிலும், நம் பழைய எதிர்மறை வினையில் காலம் காட்டும் உறுப்பு இல்லை என்பதை எடுத்துக் காட்டியிருக்கிறாராம். 'செய்யேன்' என்று சொல்லிப் பாருங்கள். செய் + ஏன். நடுவில் காலம் காட்டும் எழுத்து எதுவும் இல்லை.

சரி, 'இல்லை'யில் காலம் இல்லையென்றால் அது எங்கே போச்சு? ஐயா போர்டில் ரெண்டு சொல் எழுதினார்.

மூணு நாள் உடம்பு சரியில்ல.
மூணு நாளா உடம்பு சரியில்ல.

முதல் வாக்கியம் முடிந்த கதை. "போன மாசம் மூணு நாள் உடம்பு சரியில்ல" என்று சொல்வோம். ரெண்டாவது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வித்தியாசம் எங்கே இருக்கிறது பாருங்கள். 'ள்' மேல் இருந்த புள்ளி போய், பக்கத்தில் ஒரு துணைக்கால் வந்திருக்கிறது. 'நாளாக' என்பதுதான் பேச்சில் 'நாளா' ஆகிவிட்டது. அந்த ஒரு கால்தான் கோட்டை இப்போ வரைக்கும் நடத்திக்கொண்டு வருகிறது!

ஆகவே தோழர்களே, தமிழில் இந்த வித்தியாசம் இல்லாமல் இல்லை. நாம் அதை நாளைச் சொல்லும் சொல்லில் வைக்கிறோம். இங்கிலீஷ்காரர்கள் அதை வினைச்சொல்லில் வைக்கிறார்கள். இடம்தான் வேறு. நாம் மொழிபெயர்க்கும்போது "சரியில்ல" என்பதை மட்டும் பார்த்து மாற்றுகிறோம். அந்தத் துணைக்காலை விட்டுவிடுகிறோம். அதனால்தான் தப்பு வருகிறது.

இதில் நாம் தனியாக இல்லை என்று மிஸ் சொன்னாங்க. இந்தி, ஜெர்மன், பிரெஞ்சு பேசுகிறவர்களும் "மூணு நாளா உடம்பு சரியில்லாம இருக்கேன்" என்று நம்மைப் போல நிகழ்காலத்தில்தான் சொல்வார்களாம். அவர்களும் இங்கிலீஷ் படிக்கும்போது இதே இடத்தில் தடுமாறுகிறார்களாம். கேட்டதும் எனக்குப் பாதி பயம் போய்விட்டது.

எப்படி அமைப்பது?

சூத்திரம் ரொம்பச் சுலபம்.

ஐ, யூ, வீ, தே வந்தால்: ஹேவ் + நாட் + பீன் + அட்ஜெக்டிவ்
ஹீ, ஷீ, இட் வந்தால்: ஹேஸ் + நாட் + பீன் + அட்ஜெக்டிவ்

அட்ஜெக்டிவ் என்றால் வெல், ஹேப்பி, க்ளீன், காம், ஓப்பன் போன்ற பண்பைச் சொல்லும் சொல். பேசும்போது ஹேவன்ட், ஹேஸன்ட் என்று சுருக்கிச் சொல்வார்கள். தமிழில் நான், நீ, அவன், அவை எல்லாவற்றுக்கும் ஒரே 'இல்லை'தான். இங்கிலீஷில் ஹேவ், ஹேஸ் என்று ஆளைப் பார்த்து மாற்ற வேண்டும். 'பீன்' மட்டும் மாறாது. (எங்கள் வகுப்பில் ஒருத்தி 'பீன்ஸ்' என்று எழுதிவிட்டாள். அது சாம்பாரில் போடுவது!)

கடைசியில் காலத்தைச் சேர்க்க ரெண்டு சொல் உண்டு. அதற்கும் தமிழிலேயே வழி இருக்கிறது.

'லேர்ந்து' வந்தால் சின்ஸ். திங்கட்கிழமைலேர்ந்து – சின்ஸ் மண்டே.
'நாளா, வாரமா, மாசமா' வந்தால் ஃபார். மூணு நாளா – ஃபார் த்ரீ டேஸ்.

மூன்று வகையாகப் பயன்படும்

ஒன்று: ஆரம்பித்த நாளோ, எத்தனை நாள் என்ற கணக்கோ தெரியும்போது.
கடல் ஞாயித்துக்கிழமைலேர்ந்து அமைதியா இல்ல.
தி ஸீ ஹேஸ் நாட் பீன் காம் சின்ஸ் சண்டே.
தேவனாம்பட்டினத்தில் மீன் பிடிக்கப் போகும் ஒருவர் இந்த வாக்கியத்தைக் கேட்டால் படகை இறக்க மாட்டார். ஏனென்றால் கடல் இப்போதும் அப்படித்தான் இருக்கிறது என்று அர்த்தம். 'வாஸ் நாட் காம்' என்று கேட்டால், சரி, இப்போ அமைதியாகிவிட்டது போல என்று கிளம்பினாலும் கிளம்புவார். ஒரு சொல்லில் உயிரே இருக்கிறது பாருங்கள்.

இரண்டு: கணக்கு சொல்லாமல், 'கொஞ்ச நாளா' என்று சொல்லும்போது.
கொஞ்ச நாளா அவ சந்தோஷமா இல்ல.
ஷீ ஹேஸ் நாட் பீன் ஹேப்பி லேட்லி.
தோழி இப்படிச் சொன்னால், இப்பவும் அவளுக்கு மனசு சரியில்லை என்று அர்த்தம். போய்ப் பேச வேண்டும்.

மூன்று: இதுவரை ஒருதடவைகூட இல்லை என்னும்போது. அப்போது நாட் போய் நெவர் வரும்.
நான் ஸ்கூலுக்கு லேட்டா வந்ததே இல்ல.
ஐ ஹேவ் நெவர் பீன் லேட் டு ஸ்கூல்.
தமிழில் இதற்கு 'ததே இல்ல' என்று அழகாகத் தனி உருவமே இருக்கிறது. வந்ததே இல்ல, பார்த்ததே இல்ல, இருந்ததே இல்ல. இது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு 'நெவர்' போடலாம். (மேலே உள்ள வாக்கியம் உதாரணம் மட்டுமே. பி.டி. சார் மன்னிக்கவும்!)

கவனிக்க வேண்டிய மூன்று இடங்கள்

1. தேதி வந்தால் இது வராது. நேத்து, போன வாரம், 2011 என்று முடிந்துபோன காலத்தைச் சொன்னால் 'வாஸ் நாட்' தான். தானே புயல் 2011 டிசம்பர் 30-ஆம் தேதி கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. அன்றைக்குக் கடல் அமைதியாக இல்லை என்பதை 'தி ஸீ வாஸ் நாட் காம் ஆன் தட் டே' என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே 'ஹேஸ் நாட் பீன்' போட்டால் தப்பு. ஆனால் சின்ஸ் சேர்ந்தால் தேதி வரலாம், ஏனென்றால் கோடு அந்தத் தேதியில் தொடங்கி இப்போ வரை வருகிறது.

2. ஓப்பன் வேறு, ஓப்பன்ட் வேறு. 'தி டோர் ஹேஸ் நாட் பீன் ஓப்பன்' என்றால் கதவு திறந்த நிலையில் இல்லை. 'தி டோர் ஹேஸ் நாட் பீன் ஓப்பன்ட்' என்றால் கதவை யாரும் திறக்கவில்லை. முதலாவது பண்பு, இரண்டாவது செயல். ஒரு 'ட்' தான் வித்தியாசம்.

3. கதை சொல்லும்போது ஹேட் வரும். "நாங்க ஆஸ்பத்திரிக்குப் போனப்ப ஆயாவுக்கு மூணு நாளா உடம்பு சரியில்ல." இங்கே கோடு இப்போ வரைக்கும் வரவில்லை. நாங்கள் போன அந்த நேரம் வரைக்கும்தான் வருகிறது. அதனால் 'ஷீ ஹேட் நாட் பீன் வெல் ஃபார் த்ரீ டேஸ்.' இப்போது ஆயா நலமாக இருப்பதால் நான் இனிமேல் இப்படித்தான் சொல்ல வேண்டும். சந்தோஷமாகச் சொல்கிறேன்.

பயப்பட வேண்டாம்

இங்கிலீஷ் நம் ஊருக்குப் புதுசு இல்லை. தேவனாம்பட்டினத்தில் இருந்த கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனி 1690-இல் விலைக்கு வாங்கி, புனித டேவிட் கோட்டை என்று பெயர் வைத்தது. 1746 முதல் 1752 வரை தென்னிந்தியாவில் அவர்களுடைய தலைமையிடமே அந்தக் கோட்டைதான். அப்படியானால் இதையும் நம் சூத்திரத்தில் சொல்லலாம். 'இங்கிலீஷ் ஹேஸ் நாட் பீன் நியூ டு கடலூர் சின்ஸ் 1690.' கோடு எவ்வளவு நீளம் பாருங்கள்!

சிதம்பரத்தில் 1929-இல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக இருந்தவர் சீனிவாச சாஸ்திரியார். அவருடைய ஆங்கிலப் பேச்சுக்கு ஆங்கிலேயர்களே 'வெள்ளி நாக்கு' என்று பட்டம் கொடுத்தார்கள். அவர் பிறந்தது லண்டனில் அல்ல, வலங்கைமானில், ஏழைக் குடும்பத்தில். அவரும் ஒருநாள் இந்த ஹேஸ், ஹேவ் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தவர்தானே.

நாங்கள் ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும்போது டாக்டர் அக்காவிடம் போய் "சாரி" சொன்னேன். அவங்க சிரிச்சாங்க. தானும் பள்ளிக்கூடத்தில் இதே தப்பைத்தான் செய்ததாகச் சொன்னாங்க. அப்புறம் மெதுவாக, எனக்குப் புரியும்படி ஒன்று சொன்னாங்க. புரியவில்லை என்றால் 'எஸ்' சொல்லாதே, திரும்பக் கேள். இலக்கணத்தில் நான் செய்த தப்பைவிட, புரியாமல் தலையாட்டியதுதான் பெரிய தப்பு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'நவ்?' என்று அவங்க கேட்டபோது நான் ஒரு 'நோ' சொல்லியிருந்தாலே போதும். இலக்கணம் தெரியாமலே ஆயா உள்ளே போயிருப்பாங்க.

தோழிகளே, நம்மில் நிறையப் பேர் வீட்டில் நாம்தான் முதலில் இங்கிலீஷ் படிக்கிறோம். பேங்க், ஆஸ்பத்திரி, ஆபீஸ் எங்கே போனாலும் அம்மாவும் ஆயாவும் நம்மைத்தான் முன்னால் தள்ளுவாங்க. அப்போது மார்க்குக்காகப் படித்தது உதவாது. புரிந்து படித்ததுதான் உதவும்.

பயிற்சி

இவற்றை இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். விடையைக் கையால் மூடிக்கொள்ளவும்.

1. ரெண்டு நாளா தண்ணி சுத்தமா இல்ல.
2. நேத்து தண்ணி சுத்தமா இல்ல.
3. இப்போ தண்ணி சுத்தமா இல்ல.
4. புதன்கிழமைலேர்ந்து லைப்ரரி திறந்து இல்ல.
5. நாங்க சோம்பேறியா இருந்ததே இல்ல.

விடைகள்

1. தி வாட்டர் ஹேஸ் நாட் பீன் க்ளீன் ஃபார் டூ டேஸ்.
2. தி வாட்டர் வாஸ் நாட் க்ளீன் எஸ்டர்டே.
3. தி வாட்டர் இஸ் நாட் க்ளீன் நவ்.
4. தி லைப்ரரி ஹேஸ் நாட் பீன் ஓப்பன் சின்ஸ் வெட்னஸ்டே.
5. வீ ஹேவ் நெவர் பீன் லேஸி.

ஐந்தும் சரியாக இருந்தால் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர். தப்பாக இருந்தால் துணைக்காலைத் தேடுங்கள். கட்டுரையில் பிழை இருந்தால் சிவப்பு மையால் ஓரத்தில் திருத்தி எழுதும்படி ஆசிரியர்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி